பேட்டரி ரூம் ஜெபசீலன்

பாளையங்கோட்டையில் ஜெபசீலன் வீடு எது என்று கேட்டால், எந்த ஜெபசீலன் என்று திருப்பிக் கேட்பார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர் கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். மூன்றாமவர் பேட்டரி ரூம் ஜெபசீலன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் இறந்த பிறகும் ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. உளுத்துப்போன பேட்டரிகளை ஏழைகள் தலையில் கட்டி ஒரு பெண்ணின் கண்ணைக் கெடுத்தவர் என்பது ஒன்று. சாமி கும்பிடுவதை அவர் கேலி பேசியதற்குக் கிடைத்த தண்டனைதான் அது என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. அவர் கொடுத்த செல்கள் நல்ல செல்கள். சாமியை அவர் கேலி பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு அடுத்த வீட்டில் நெடுங்காலம் குடியிருந்தவன் என்ற முறையில், பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதி வைக்கிறேன்.

அவருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மின்சாரம் நின்றாலும் டெலிபோன் நிற்பதில்லை என்பதை எல்லோரும் கவனித்திருப்போம். ஏன் என்று யோசித்திருக்க மாட்டோம். எக்ஸ்சேஞ்சின் பின்பக்கத்து அறை ஒன்றில் மரச்சட்டத்தின் மேல் ஈய செல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட். உள்ளே தண்ணீர் கலந்த ஆசிட். ஊரில் மின்சாரம் இருக்கும்போது வாங்கி வைத்துக்கொண்டு, நின்றதும் திருப்பிக் கொடுக்கும். அந்த அறையைப் பார்த்துக்கொள்வதுதான் ஜெபசீலனின் வேலை. ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார். ஹைட்ரோமீட்டர் என்று பெயர். ஆசிட்டைக் கொஞ்சம் உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை எழும்பி எண்ணைக் காட்டும். செல் நிறைந்திருந்தால் 1210. செலவாகச் செலவாக எண் இறங்கும்.

ஆசிட் தெறித்து அவருடைய வேட்டி சட்டை எல்லாவற்றிலும் சிறு சிறு ஓட்டைகள் இருக்கும். அவர் மனைவி பியூலா துணி காயப்போடும்போது, "இவுக வேட்டிய வச்சு மாவு சலிக்கலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஓட்டையில்லாத ஒரு ஜோடியைத் தனியாகப் பூட்டி வைத்திருந்தார்.

செல்லில் சார்ஜ் ஏறும்போது ஒரு வாயு வெளியாகும். அதற்கு மணம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தீ பட்டால் வெடிக்கும். அதனால் ஆயுத பூஜை அன்று ஜெபசீலன் லீவு எடுப்பதில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடத் தட்டு அறை அறையாக வரும். பேட்டரி அறை வாசலில் சாவியோடு இவர் நிற்பார். ஒரு வருஷம் நடந்த பேச்சை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

"என்னவே ஜெபசீலன், எங்க சாமி உள்ள வந்தா உம்ம பேட்டரி தீட்டாயிருமா?"

"சாமி வரட்டும்வே. சூடம் வாசலோட நிக்கட்டும்."

"சூடம் இல்லாம சாமி எப்படிவே வரும்?"

"அது உம்ம பாடு, சாமி பாடு. சாவி என் பாடு."

பொரிகடலை கொடுக்கும்போது மட்டும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார்.

அவர் ஓய்வு பெற்ற சமயத்தில் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. அதற்குப் புதிய பேட்டரிகளும் வந்தன. பழைய செல்களை ஏலத்துக்குப் போட்டார்கள். ஏலத்துக்கு நானும் கூடப் போனேன். வந்தவர்களில் மேலப்பாளையம் மீரா முகைதீன் முக்கியமானவர். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கி விற்பவர்.

"என்ன அண்ணாச்சி, இத்தன வருசம் சோறு போட்ட செல்லு. இப்ப ஏலம் எடுக்கவும் வந்துட்டீய?" என்றார் மீரா முகைதீன்.

"உமக்கு ஈயந்தானவே வேணும்? மொத்தத்தையும் சேந்து எடுப்போம். உசுரு உள்ளத நான் எடுத்துக்கிடுதேன். செத்தத நீரு கொண்டுபோம்."

"எது உசுரு, எது செத்ததுன்னு யாரு சொல்லுவா?"

ஜெபசீலன் மஞ்சள் பையிலிருந்து ஹைட்ரோமீட்டரை எடுத்துக் காட்டினார்.

"டாக்டர் குழாயோடதான் வந்திருக்காரு," என்று மீரா முகைதீன் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பிழைத்த செல்களை ஆறு ஆறாக இணைத்து மரப்பெட்டிக்குள் வைத்தால் பன்னிரண்டு வோல்ட். ஒரு சின்ன டியூப் லைட்டும் இன்னும் ஏதாவது ஒன்றும் ஒரு வாரத்துக்கு ஓடும். வாரம் ஒரு முறை சார்ஜ் செய்த பெட்டியை மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தீர்ந்த பெட்டியைத் தன் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகைக்குத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி சார்ஜ் போடுவார். இதுதான் அவருடைய ஏற்பாடு. கம்பி போகாத வீடுகளைத் தேடிப் போனார். முதலில் கிடைத்தது மேட்டுத்தோப்பு.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசி வெள்ளம் தாமிரபரணிக் கரையில் இருந்த குடிசைகளை அடித்துக்கொண்டு போனபோது, அந்த ஜனங்களில் ஒன்பது வீட்டுக்காரர்கள் சற்று மேடான இடத்தில் ஏறிக் குடிசை போட்டார்கள். அதுதான் மேட்டுத்தோப்பு. இடம் ஆற்றுப் புறம்போக்கு. பட்டா இல்லாத வீட்டுக்கு மின்சாரம் கிடைக்காது. நான் ஆற்றின் நீர்மட்டம் அளந்து எழுதும் வேலையில் இருந்தவன் என்பதால் அந்த மேட்டை எனக்குத் தெரியும். ஜெபசீலனை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

முதல் வீடு கோமதிசங்கர் வீடு. அவன் அரிசி ஆலையில் தவிடு அள்ளும் வேலை பார்த்தவன். நாற்பது வயதுக்குள் இளைப்பு முற்றிவிட்டது. படுத்தால் மூச்சு வராது. கட்டிலில் சுவரோடு சாய்ந்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். முகத்தில் காற்று பட்டால் மூச்சு கொஞ்சம் லேசாக வரும், பட்டாவிட்டால் நெஞ்சு விசிலடிக்கும். அவன் மனைவி பிரம்மநாயகி பீடி சுற்றுவாள். அந்த வருமானம்தான் வீட்டுக்கு. பீடி சுற்றுவதற்கு இரண்டு கையும் வேண்டும். விசிறுவதற்கு ஒரு கை வேண்டும். அவள் பத்து பீடி சுற்றுவாள், பிறகு கொஞ்ச நேரம் விசிறுவாள், மறுபடி பத்து பீடி. நாங்கள் போன அன்று அதைத்தான் பார்த்தோம்.

ஜெபசீலன் அவர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தேடி, பஸ் டிரைவர் முகத்துக்கு நேரே மாட்டும் சின்னக் காற்றாடி ஒன்றை வாங்கி வந்தார். பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். கட்டில் தலைமாட்டில் ஆணியடித்து மாட்டி, கை எட்டும் இடத்தில் சுவிட்ச் வைத்து, ஜன்னலுக்கடியில் பெட்டியை வைத்தார். காற்றாடி சுற்றியதும் கோமதிசங்கர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தான்.

பிறகு, "ஏட்டி, நான் டிரைவர் ஆயிட்டேன். நீ ரைட் கொடு," என்றான்.

"டிக்கெட்ட யாரு கொடுப்பா?" என்று அவள் பீடித் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஜெபசீலன் அவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இந்தப் பெட்டிகிட்ட பீடி பத்தவைக்கப்படாது. சிம்னி வெளக்கு கொண்டாரப்படாது. தீக்குச்சி கிழிக்கப்படாது."

"பீடி சுத்துத வீட்டுல பீடி பத்தவைக்கப்படாதா?" என்றான் கோமதிசங்கர்.

"உமக்கு இருக்க மூச்சுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்," என்றார் ஜெபசீலன். மூன்று பேரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு இருமலாகி முடிந்தது.

அந்த வருஷம் முழுவதும் அந்தக் காற்றாடி ஓடியது. மற்ற எட்டு வீடுகளும் விளக்குக்காகப் பெட்டி வாங்கிக்கொண்டன. கோமதிசங்கர் இரவில் படுத்துத் தூங்க ஆரம்பித்தான் என்று பிரம்மநாயகி சொன்னாள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். செல்லில் தண்ணீர் மெதுவாகக் குறையும். குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் விட வேண்டும். வேறு எந்தத் தண்ணீரும் தகடுகளைக் கெடுத்துவிடும். ஒரு நாள் நாங்கள் போனபோது பிரம்மநாயகி பெட்டியைத் திறந்து வைத்து, இடுப்பில் குடத்தோடு நின்றாள். கோடு வரைக்கும் தண்ணீர் இல்லை என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"எம்மா, வையி கீழ," என்று ஜெபசீலன் ஓடினார். "என்ன தண்ணி இது?"

"ஆத்துத் தண்ணிதான் அண்ணாச்சி. பாவநாசத்துல இருந்து வருத தண்ணி. இதவிடச் சுத்தமா என்ன இருக்கு?"

"குடிக்கச் சுத்தந்தான். செல்லுக்கு ஆவாது. இதுல உப்பு இருக்கு."

"உப்பா? ஆத்துத் தண்ணில உப்புன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். கடக்கரையில இருக்க உவரிக்காரன்கூட அப்படிச் சொல்ல மாட்டான்."

ஜெபசீலன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் இவள் இந்தப் பக்கம் ஊற்றுவாள் என்பது எனக்கே தெரிந்தது. ஆறு செல்லும் கெட்டால் காற்றாடி நின்றுவிடும். மாற்றுவதற்கு நல்ல செல்கள் அவரிடம் அதிகம் இல்லை. அப்போதுதான் அவர் குரலை மாற்றினார்.

"எம்மா, கேட்டுக்கோ. ஆசிட்டு மேல தண்ணி பட்டா சீறிக் கொதிச்சு மூஞ்சில அடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணி படப்படாது. பட்டா வெடிச்சிரும்."

"நீங்க ஊத்துதீயளே?"

"அது வேற தண்ணி."

கட்டிலில் இருந்த கோமதிசங்கர் பயந்துபோனான். "ஏட்டி, கொடத்த வெளிய கொண்டு போ. அண்ணாச்சி சொல்லுதாரு, கேட்டியா? பெட்டிகிட்ட தண்ணியே வரப்படாது."

கடுமையான ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் சீறும் என்பது உண்மை. ஆனால் செல்லில் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதில் இன்னும் ஒரு குடம் ஊற்றினாலும் சீறாது, வெடிக்காது. செல்களைக் காப்பாற்றுவதற்காக ஜெபசீலன் பாதி உண்மையை முழு உண்மையாக்கிச் சொன்னார். அப்போது பக்கத்தில் நின்ற எனக்கும் அது தெரியாது. நானும் குடத்தைப் பார்த்துப் பின்வாங்கினேன்.

தொண்ணூற்றாறில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பியூலாவின் ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். அங்கே சர்ச்சில் நடக்கும் அசன விருந்துக்காக இருவரும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வர நாளாகும் என்று ஜெபசீலன் ஆறு செல்லையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சார்ஜ் ஏற்றி, சாயங்காலம் மேட்டுத்தோப்பில் வைத்துவிட்டு வந்தார். செல்கள் சூடாக இருந்தன. வாயு வெளியேறுவதற்காக மூடிகளை இறுக்காமல் லேசாக வைத்திருப்பதாகவும், நாளைக்கு இறுக்கிக்கொள்ளும்படியும் பிரம்மநாயகியிடம் சொன்னார். மறுநாள் என்ன நாள் என்பது அவர் நினைவிலேயே இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த வரைக்கும் பொரிகடலைக்குப் பணம் பிரிக்க வருகிறவர்கள் அந்த நாளை ஞாபகப்படுத்திவிடுவார்கள். அவருடைய வீட்டில் அது காலண்டரில் சிவப்பு எழுத்து, அவ்வளவுதான்.

இனி வருவது பிரம்மநாயகி பிற்பாடு என்னிடம் சொன்னது.

காலையில் வீட்டைக் கழுவினாள். பீடிக் கத்தரியையும் தட்டையும் அரிவாள்மணையையும் கழுவி ஜன்னலோரம் வைத்தாள். அந்த வீட்டில் கும்பிட வேண்டிய முக்கியமான பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பெட்டிதான். அதில்தான் அவள் புருஷனின் மூச்சு இருந்தது. பெட்டியைத் துடைத்து, துவைத்த வேட்டி ஒன்றைச் சுற்றிலும் கட்டி, பூச்சரம் போட்டாள். வாயு போவதற்காக ஜெபசீலன் பக்கவாட்டில் போட்டிருந்த துளைகளை அந்த வேட்டி மூடிவிட்டது. பிறகு செல்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்காக மேல்பலகையைத் தூக்கினாள். ஆறு செல்லுக்கும் பொட்டு வைத்தாள். தட்டில் சூடத்தை ஏற்றிக் குனிந்து காட்டினாள்.

"பீடி பத்தவைக்கப்படாது, சிம்னி வெளக்கு கொண்டாரப்படாதுன்னு அண்ணாச்சி சொன்னது ஞாபகம் இருந்துது. சூடத்த யாராவது தீன்னு நெனப்பாளா?" என்று என்னைக் கேட்டாள்.

பெரிய வெடியெல்லாம் இல்லை. தீபாவளிக்கு முன்னாலேயே எவனோ வெடி போடுகிறான் என்று பக்கத்து வீட்டார் நினைத்தார்களாம். ஒரு செல்லின் தலை பிளந்து ஆசிட் அவள் முகத்தில் அடித்தது. அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள். தாமிரபரணி கூப்பிடு தூரத்தில். வீடு கழுவிய நாள் ஆனதால் எல்லார் வீட்டிலும் குடங்கள் நிறைந்திருந்தன. அவள் குடத்தைச் சாய்க்கப் போனாள்.

"ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க! தண்ணி பட்டா வெடிச்சிரும்! அண்ணாச்சி சொல்லியிருக்காரு!"

கோமதிசங்கர்தான் கத்தினான். இரண்டு வார்த்தை பேசினால் இளைக்கிறவனுக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதும் விளங்கவில்லை. குடம் கீழே வந்தது. துணியால் துடைத்தார்கள். யாரோ தேங்காயெண்ணெய் தடவினார்கள். தள்ளுவண்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதுவரைக்கும் அந்தக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

தகவல் கிடைத்து ஜெபசீலன் சாத்தான்குளத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் இருந்தேன். வார்டில் இருந்த டாக்டர் இளைஞர். இடது கண் தப்பித்தது, வலது கண் போனதுதான் என்றார். "ஆத்தங்கரைல வீடுன்னு சொல்லுதீங்க. ஒரு குடம் தண்ணிய எடுத்து ஊத்த ஆள் இல்லையா? உடனே ஊத்தியிருந்தா இந்தக் கண்ணும் பிழைச்சிருக்கும்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். ஜெபசீலன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிரம்மநாயகி மருந்து மயக்கத்தில் இருந்தாள். அவளுக்கு அது கேட்கவில்லை.

அடுத்த நாளே அவர் சைக்கிள் வண்டியோடு மேட்டுத்தோப்புக்குப் போய் ஒவ்வொரு வீடாகப் பெட்டிகளை எடுத்தார். ஜனங்கள் கூடிவிட்டார்கள்.

"கண்ணு போனது அவளுக்கு. வெளக்கு ஏன் எங்களுக்குப் போவணும்?"

"நாங்க சூடம் காட்டலையே, அண்ணாச்சி. எங்க பெட்டி என்ன செஞ்சுது?"

அவர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே இருந்தார். உளுத்த பேட்டரி என்ற பேச்சு அன்றுதான் பிறந்திருக்க வேண்டும். நல்ல பேட்டரியாக இருந்தால் இப்படி அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடுவானேன் என்று ஒருவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

கார்த்திகையில் ஒரு மழை நாள், பிரம்மநாயகி எங்கள் தெருவுக்கு வந்தாள். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள். பியூலா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, பெட்டியக் கொண்டாங்க."

"எம்மா, உன் கண்ணு..."

"அது போயிட்டு. அவுகளுக்கு மூச்சு இருக்கு. ஒத்தக் கண்ண வச்சு எலைய வெட்டச் சுணங்குது. அதுல விசிறி வேற எப்படிப் பிடிக்க? ராத்திரி எல்லாம் குத்தவச்சே இருக்காக. நீங்க கொண்டாங்க. சூடம் காட்ட மாட்டேன்."

அவள் போன பிறகு ஜெபசீலன் என்னை உள்ளே கூப்பிட்டார். பெட்டியை மறுபடி வைப்பதென்றால் ஆசிட் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காமல் வைக்க முடியாது. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொன்னால், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்ற கேள்வி வரும். இதை அவர் என்னிடம் சொன்னபோது பியூலா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தார்.

"வைக்கப் போனா சொல்லித்தான் ஆவணும். சொல்ல முடியாதுன்னா வைக்காதீக. ரெண்டுல ஒண்ணு," என்றார்.

கோமதிசங்கர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம், செங்கல் வைத்து ஒரு சின்ன அறை கட்டினார் ஜெபசீலன். இடுப்பளவு உயரம். காற்றுக்குத் துளைகள். தகரக் கதவு, பூட்டு. பிளந்த செல்லுக்குப் பதிலாகத் தன்னிடமிருந்ததில் நல்ல செல் ஒன்றைப் போட்டார். கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். காற்றாடி சுற்றியது. உள்ளே கோமதிசங்கர் நீளமாக ஒரு மூச்சு விட்டது வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது.

"சாவி எங்கிட்ட இருக்கும்," என்றார் ஜெபசீலன் பிரம்மநாயகியிடம். "நீ இதத் திறக்க வேண்டியதில்ல. அப்படியும் என்னைக்காவது ஆசிட்டு மேல பட்டுட்டுன்னா, உடனே தண்ணி ஊத்தணும். குடம் குடமா ஊத்தணும்."

அவள் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். "ஊத்தப்படாதுன்னுல்லா சொன்னீய?"

"சொன்னேன்."

"வெடிக்கும்னு சொன்னீயளே."

"வெடிக்காது எம்மா. நீ ஆத்துத் தண்ணிய செல்லுல ஊத்திருவன்னு பயந்து சொன்னேன். செல்லு கெட்டுரக்கூடாதுன்னு சொன்னேன். அன்னைக்குத் தண்ணி ஊத்தியிருந்தா உன் கண்ணு..."

ஆறு மழைத் தண்ணீரில் செம்மண் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாளா, வேறு எதையாவது பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

"அத ஏன் இப்பச் சொல்லுதீய?" என்றாள். "அவுகளுக்குக் கேக்கும்லா."

உள்ளே காற்றாடியின் சத்தம் நின்றது.

அவள் ஓடினாள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கோமதிசங்கர் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் அந்தக் கையை விலக்கிச் சுவிட்சைப் போட்டாள். அவன் அணைத்தான்.

"நான்தான ஏட்டி தடுத்தேன்," என்றான். "கொடத்தோட வந்தவள நான்தான தடுத்தேன்."

"பெட்டி வெடிக்கும்னு பயந்து சொன்னீக. போடுங்க இத."

"வேண்டாம்."

"எனக்கு விசிறக் கை இல்ல. எனக்காவப் போடுங்க."

"நீ விசிறாத. உன் கண்ண வாங்கிட்டு வந்த காத்து. எனக்கு வேண்டாம்."

ஜெபசீலன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி, "ஏலே கோமதி, தப்பு என்னுதுடே, உன்னுது இல்ல," என்றார். அவன் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகும் ஜெபசீலன் வாரா வாரம் பெட்டியை மாற்றப் போனார். திரும்பி வந்த பெட்டியைக் கொட்டகையில் இறக்கி ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்ப்பார். காற்றாடி ஒரு வாரம் ஓடியிருந்தால் எண் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வைத்தபோது இருந்த 1210 ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு புள்ளி குறைந்திருந்தால், அவன் தூங்கும்போது அவள் போட்டுப் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். முகத்தில் காற்று பட்டதும் விழித்து அணைத்துவிடுவானாம்.

"இந்த வாரமும் கரண்டு எடுக்கல, அண்ணாச்சி," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொல்லுவார். நிறைந்திருந்த பெட்டியை எடுத்துவிட்டு, நிறைந்திருக்கும் இன்னொரு பெட்டியைக் கொண்டுபோய் வைப்பார். ஒரு நாள் மழையில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. அன்றைக்கும் போனார்.

கோமதிசங்கர் பங்குனியில் இறந்தான். உட்கார்ந்தபடியே இறந்தான். காற்றாடி ஓடியிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் எழுதவில்லை. அது யாருக்கும் தெரியாது. கடைசி மாதங்களில் அவன் படுத்துத் தூங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

பதினாறாம் நாள் கழித்து ஜெபசீலன் பெட்டியை எடுக்கப் போனார். பிரம்மநாயகி வாசலில் இருந்தபடி, பீடித் தட்டைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "காத்தாடியவும் கழட்டிக்கிடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் அதைக் கழற்றினார். ஆணி இருந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அதைக் கையாலேயே கூட்டி அள்ளி வெளியே போட்டார்.

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. வண்டியை மேலப்பாளையத்துக்கு விட்டார். நானும் வண்டியோடு நடந்தேன்.

மீரா முகைதீன் பெட்டியைத் திறந்து பார்த்தார். அதற்குள் அவரும் சொந்தமாக ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கியிருந்தார். விட்டுப் பார்த்துவிட்டு, "இது நிறைஞ்சுல்லா இருக்கு. உசுரு உள்ள செல்லு அண்ணாச்சி. இதப் போயி எங்கிட்டக் கொண்டாந்திருக்கீய?" என்றார்.

"உடையும்."

"உங்களுக்கு என்ன வந்துது? இன்னும் அஞ்சு வருசம் ஓடும்."

"வீட்டுல இன்னும் பெட்டி கிடக்கு. அதையும் அனுப்புதேன். எல்லாத்தையும் உடையும்வே."

அவர் உடைத்தார். நாலாவது செல்லைச் சாய்க்கும்போது ஆசிட் சிதறி ஜெபசீலனின் முன்கையில் விழுந்தது. மீரா முகைதீன் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீரை மொண்டு அந்தக் கையில் ஊற்றினார். மேலப்பாளையத்தில் குழாயில் வருவதும் ஆற்றுத் தண்ணீர்தான். அது சீறவில்லை, கொதிக்கவில்லை. கையிலிருந்து வழிந்து மண்ணில் இறங்கியது. வாளி தீர்ந்த பிறகும் ஜெபசீலன் கையை மடக்காமல் நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். மீரா முகைதீன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு வாளி மொண்டு ஊற்றினார்.